ஒட்டாத நோய்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைச் சற்றுத் தள்ளி வைத்துவிடுங்கள். சளி, சீழ், மூக்கிலிருந்து இடுக்கியால் இழுத்தெடுக்கிற பச்சைப் பொருக்கு, இவற்றோடுதான் என் பிழைப்பு. கோவில்பட்டியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். மூக்கு நோய்களையும், தலையிலும் கழுத்திலும் வருகிற கட்டிகளையும் பற்றி அவர் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். கரிசல் காட்டு ஆட்கள் நோயை ஏன் இவ்வளவு முற்றவிட்டு வருகிறார்கள் என்பது அதில் முக்கியமான கேள்வி. ஆட்களைத் தேடிப் பிடிப்பது, அவர்களிடம் பேசிக் கேட்டு எழுதுவது, மறுபடி வராதவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டி வருவது என் வேலை.

எனக்கு அருவருப்பு அதிகம். பிறர் வாய் வைத்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினால் எனக்குச் சோறு இறங்காது. “ஏட்டி, நீ எந்த அரண்மனைலட்டி பொறந்த?” என்று என் அம்மா கேட்காத நாளில்லை. அப்படிப்பட்டவள் எதற்கு இந்த வேலைக்குப் போனாய் என்று கேட்கலாம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், இங்கே சம்பளம் கூட, அவ்வளவுதான். நோயாளிகளுக்குச் சேவை செய்யும் எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததில்லை.

முதல் மாதத்தில் தினமும் வாந்தி எடுத்தேன். மூக்குக்குள் பொருக்குக் கட்டி நாறுகிற நோய் ஒன்று உண்டு. அந்த நாற்றம் நோயாளிக்கே தெரியாது, மோப்பம் அதற்குள் செத்துப்போயிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போகும்போதுதான் அவருக்குத் தெரியவரும். அப்படி ஒரு பெண்ணை ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட, அவள் எங்கள் கிளினிக்குக்கு வெயிலில் நடந்தே வந்தாள். அவளைப் பார்த்தபோது எனக்கு நாற்றமும் குமட்டியது, அந்த ஆட்டோக்காரனை நினைத்தும் குமட்டியது. இந்த வேலையில் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

டாக்டர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைராசிக்காரர், காசுக்கு அலையாதவர், மற்றவர்கள் கையை விரித்த கட்டியையெல்லாம் பொறுமையாகக் குடைந்து எடுத்துவிடுவார். சுத்தத்தில் மட்டும் கொஞ்சம் பித்து. கதவின் பிடியை முழங்கையால் திறப்பார். நோயாளி உட்கார்ந்து போன நாற்காலியை அந்த ஆளின் கண்ணெதிரிலேயே துடைக்கச் சொல்வார். துடைப்பதை எழுந்து போகிறவர் திரும்பிப் பார்ப்பார். எனக்கே அருவருப்பு அதிகம் என்பதால் ஆரம்பத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

சென்ற வருஷம் கயத்தாறுக்குப் பக்கத்தில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே உடைமரத்தடியில் ஒருவர் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து நிற்கிறார், உள்ளே வரவில்லை. போய்க் கேட்டேன். எல்லாரும் போனபிறகு வருகிறேன் என்றார். ஆடு மேய்க்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காற்று என் பக்கம் திரும்பியபோது ஏன் தள்ளி நிற்கிறார் என்று தெரிந்துவிட்டது. செத்த எலி கிடக்கும் அறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

கடைசி ஆளாக வந்து உட்கார்ந்தார். வலது மூக்கு அடைத்து ரொம்ப நாளாகிறது, அடிக்கடி ரத்தம் வருகிறது, அந்தப் பக்கத்து மேல் பல் ஆடுகிறது என்றார். டாக்டர் ஒரு முகக்கவசத்தின் மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு குழாயை உள்ளே விட்டார். திரையில் அழுகிய தக்காளி நிறத்தில் ஒரு சதை தெரிந்தது. பிறகு ஸ்கேன் எடுத்து, சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பி, புற்று என்று உறுதியானது. இன்னும் கண்ணுக்குப் போகவில்லை, இப்போதே வெட்டி எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் பிழைத்துக்கொள்வார், கண்ணையும் மூளையையும் தொட்டுவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். ஆட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன நாளில் அவர் வரவில்லை.

தேடிப் போனேன். வீட்டில் அவருடைய மகள் இருந்தாள், தலைப்பிரசவத்துக்கு வந்தவள், நிறைமாதம். அப்பா வீட்டுக்கு வருவதே இல்லை என்றாள். காட்டில் ஆட்டுக்கிடையிலேயே படுத்துக்கொள்கிறார். அம்மா கூழைக் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு வந்துவிடுவாள், அவள் திரும்பி நடந்தபிறகுதான் வந்து எடுப்பாராம். யார் இப்படி ஏற்பாடு செய்தது என்று கேட்டேன். அவரேதான் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆறுதலும் கொஞ்சம் இருந்தது. அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பிக் கால் கனத்தது. கிடை, காற்றாலைகளுக்குக் கீழே உழுது போட்ட ஒரு புஞ்சையில் இருந்தது. என்னைக் கண்டதும் அவர் எழுந்து காற்று போகிற பக்கமாகப் போய் நின்றுகொண்டார். வாடை என்மேல் வரக்கூடாதாம்.

“ஆட்டுக்கு இப்படி மூக்குல சதை வைக்கும் தாயி. ஒரு பக்கம் ஒழுகும், மூச்சு கொறட்ட மாதிரி இழுக்கும். அத மந்தையோட விட்டா ஒன்னுல இருந்து ஒன்னுக்குத் தொத்திரும். நாங்க ஒதுக்கித்தான் கட்டுவோம். எம்மவ பிள்ளை பெறப்போறா. நான் இங்கனயே கெடந்துக்கிடுதேன்.”

ஆஸ்பத்திரிக்கு வராததற்கும் அதுதான் காரணம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தொற்றிவிடும் என்று பயப்பட்டார். தன் உயிரைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. பேரப்பிள்ளையை எட்ட நின்றாவது பார்த்துவிட வேண்டும், அது போதும் என்றார்.

இது ஒட்டாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாரே தவிர நம்பவில்லை. திரும்பும் வழியில் கயத்தாறில் தெரிந்த மாட்டு டாக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். ஆடுகளுக்கு அப்படித் தொற்றுகிற மூக்குக் கட்டி ஒன்று உண்மையிலேயே உண்டு, அது ஒரு கிருமியால் வருவது, மனிதருக்கு வருவது வேறு, அது தொற்றாது என்றார். ஆக ஆட்டுக்காரர் ஆட்டைப் பற்றிச் சொன்னது சரி, தன்னைப் பற்றி நினைத்ததுதான் தப்பு. எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நீங்களே ஒருநாள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் நம்பிவிடுவார் என்றேன். அதெல்லாம் நம்ம வேலை இல்லை, நன்றாகக் கவுன்சலிங் கொடுங்கள் என்றார்.

கவுன்சலிங் கொடுக்கத்தான் போனேன். போன நேரம் ஆட்டுக்காரர் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கம்மங்கூழ், அலுமினியத் தூக்குவாளி, விளிம்பில் ஈ. மூக்கிலிருந்து ஒழுகியது மேலுதட்டைத் தாண்டி வாளிக்குள் போயிருக்கும், போகாமல் இருக்க வழியில்லை. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. கருணை என்று நினைக்க வேண்டாம், ஆத்திரம்தான். சாகக் கிடக்கிற மனுஷன் ஒருவன் ஆட்டு நியாயம் பேசுகிறான், படித்த மனுஷன் ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு கவுன்சலிங் என்கிறான், நடுவில் நான் சேற்றில் நடந்து சாகிறேன்.

“அந்தக் கூழுல கொஞ்சம் குடுங்க அண்ணாச்சி” என்றேன்.

அவர் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தேன். புளிப்பும் உப்பும் அந்த வாடையும் சேர்ந்து தொண்டையில் நின்றன. வயிறு மேலே வந்தது, விழுங்கினேன், மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன். முகத்தைச் சுளிக்காமல் வைத்திருந்ததுதான் நான் இதுவரை செய்த கடினமான வேலை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணுக்கு மறைந்தபிறகு, ஓடைப் பள்ளத்தில் இறங்கிக் குடல் வெளியே வருகிற மாதிரி கக்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உடனே அவர் கிளம்பி வந்துவிடவில்லை. புதிதாக வாங்கிய ஆட்டை அவர்கள் நேரே மந்தையில் சேர்ப்பதில்லை. தனியே கட்டிவைத்து, மூக்கு ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, ஒன்றும் இல்லை என்றானபிறகுதான் சேர்ப்பார்கள். அந்த முறையை எனக்கும் வைத்தார். வாரா வாரம் நான் போய் நிற்க வேண்டும். அவர் ஒரு குச்சி தூரத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார் என்பார். சந்தையில் ஆட்டைப் பார்க்கிற மாதிரி என் இரண்டு மூக்குத் துவாரங்களையும் உற்றுப் பார்ப்பார். காட்டில் களையெடுக்கிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். டாக்டரோ, கட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சநாள் போனால் நான் கத்தியையே எடுக்க மாட்டேன் என்று என்னிடம் எரிந்து விழுவார். அமாவாசை ஒன்று தாண்டியதும் ஒருநாள், ஆட்டுக்காரர் என் மூக்கைப் பார்த்துவிட்டு, “ஒன்னும் இல்ல தாயி” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அன்றுதான் பார்த்தேன். அந்த வாரமே வந்து சேர்ந்தார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மேல்தாடையில் ஒரு பகுதியும் அண்ணமும் போயின. அந்த ஓட்டையை அடைக்க ஒரு தகடு செய்து கொடுத்தார்கள், அதை மாட்டினால்தான் பேச்சு புரியும். திருநெல்வேலியில் கதிர் வைத்தார்கள். அதற்குள் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒருநாள் அவள் போனில் படம் அனுப்பினாள். ஒரு கன்னம் உள்ளே போன முகத்தோடு அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, மடியில் பிள்ளை. பின்னால் அவர் வீட்டு அடுப்படி. கிடையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார், பிள்ளையைக் கீழேயே விடுவதில்லை என்று எழுதியிருந்தாள். நான் அந்தப் படத்தைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். அதை மறைப்பானேன், பெருமையாகத்தான் இருந்தது.

கட்டி திரும்ப முளைக்கிறதா என்று பார்க்க அவர் தவறாமல் வந்துகொண்டிருந்தார். அப்படி வந்த ஒருநாள் கையில் எவர்சில்வர் தூக்கு. வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது, சீம்பாலில் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு மகள் அவித்துக் கொடுத்தாள், டாக்டருக்கு என்றார். துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரொம்ப சந்தோஷம், கட்டாயம் சாப்பிடுகிறேன் என்றார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாகச் சிரித்தார்.

எங்கள் பக்கம் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தூக்கில் போட்டுக் கொடுக்கக் கடலை மிட்டாய் வாங்க எதிர்க் கடைக்குப் போனேன். அவர் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. தாயிக்கு எதற்குச் சிரமம், நாமே தூக்கைக் கழுவிக்கொள்ளலாம் என்று எழுந்து டாக்டர் அறைக்குப் போயிருக்கிறார்.

நான் கடலை மிட்டாயோடு திரும்பி வந்தபோது அவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே, ரத்தப் பஞ்சையும் வெட்டியெடுத்த சதையையும் போடுகிற மஞ்சள் பை வாய் திறந்திருந்தது. அதன் மேல் சீம்பால் கட்டி கட்டியாகக் கிடந்தது. டாக்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நுரை முழங்கை வரைக்கும் இருந்தது.

ஆட்டுக்காரர் உள்ளே போய் மேஜைமேல் இருந்த காலித் தூக்கை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒட்டாதுன்னு சொன்னது நீங்கதான, தாயி?”

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார். கடலை மிட்டாய்ப் பொட்டலம் என் கையிலேயே இருந்தது.

டாக்டரிடம் சண்டை போட்டேன். அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை. வெளியில் சாப்பிடுகிற பழக்கம் தனக்கு இல்லை, யார் வீட்டுச் சீம்பாலாக இருந்தாலும் கொட்டித்தான் இருப்பேன், அவர் மனம் நோகக்கூடாது என்றுதானே சிரித்து வாங்கினேன் என்றார். பார்க்கும்படி ஆனதற்கு என்னையே கடிந்துகொண்டார், நோயாளிகளை அறைக்குள் விடலாமா என்று. நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். அந்த மனிதரின் முகத்தைத் திறந்து, அழுகலைத் தோண்டியெடுத்து, உயிர் கொடுத்த கைகள். உறை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டன. மகள் அவித்துக் கொடுத்த இனிப்பை மட்டும் தொட முடியவில்லை. சீழையும் சளியையும் பார்த்து எனக்கு வந்த அருவருப்பெல்லாம் அன்று வந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நாளில் மதுரையில் டாக்டர்கள் கூட்டம். எங்கள் ஆராய்ச்சியை அவர் மேடையில் படித்தார். பெரிய திரையில் ஆட்டுக்காரரின் முகம், கண்ணின்மேல் கறுப்புப் பட்டை. இந்த மக்கள் தாமதமாக வருவதற்கு அறியாமை ஒரு காரணம், உதாரணமாக இவர் நோய் ஒட்டிவிடும் என்று நம்பிக் காட்டில் தனியே வாழ்ந்தார் என்றார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். கைதட்டினார்கள். பிறகு சாப்பாட்டுக்குப் போனோம். குளிரூட்டிய கூடத்தில் பாதாம் அல்வா வைத்திருந்தார்கள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அன்றே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. வீட்டுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது.

ஆட்டுக்காரர் அந்தச் சீம்பால் நாளுக்குப் பிறகு கிளினிக்குக்கு வரவில்லை. தொடர்ந்து வராதவர்களுக்கென்று ஆராய்ச்சியில் ஒரு வகை வைத்திருக்கிறோம், அவரை அதில் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். மகள் போன் செய்தாள். “அப்பா திரும்பவும் கிடைக்கே போயிட்டாவக்கா. பிள்ளையத் தொட மாட்டேங்காவ. அது அவியளத் தேடி அழுவுது” என்றாள்.

போனேன். வெயில் காலம், கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் அதே மாதிரி எழுந்து காற்று போகிற பக்கமாகப் போய் நின்றார். தகட்டைக் கழற்றிவைத்திருந்ததால் பேச்சு கொளகொளத்தது. எனக்காக அதை மாட்டிக்கொண்டு மறுபடி சொன்னார்.

“உள்ள என்ன இருந்துச்சுன்னு கண்ணால பாத்தவிய அவிய. அவியளே எங்க வீட்டுப் பண்டத்தைத் தொடலன்னா அதுல ஏதோ இருக்கும்லா? நீங்க நல்லவிய தாயி. எனக்காவப் பொய் சொன்னீய.”

டாக்டர் வெளியில் எதுவும் சாப்பிடமாட்டார், யார் வீட்டிலும் சாப்பிடமாட்டார் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது. என் மூக்கைப் பாருங்கள் என்று அண்ணாந்தேன். அவர் பார்க்கவில்லை. கூழ் குடுங்க என்றேன். இல்லை என்றார். வாளி அவர் காலடியில் இருந்தது, நான் எட்டி எடுக்கப் போனபோது அதைக் கவிழ்த்துவிட்டார். கூழ் வெடிப்புக்குள் இறங்கிப் போனது. மறுபடி மூக்கைப் பரிசோதிக்க வாருங்கள், திரும்ப முளைத்தால் தெரியாமல் போய்விடும், பிள்ளைக்காகவாவது வாருங்கள் என்று கெஞ்சினேன். பிள்ளைக்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்றார்.

எனக்கு நா வறண்டுவிட்டது. தண்ணீராவது கொடுங்கள் என்றேன். அதை அவரால் மறுக்க முடியவில்லை. செம்பில் மொண்டு வந்து, என்னைக் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தச் சொன்னார். எங்கள் பக்கம் யாரைத் தள்ளி வைத்து இப்படித் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். ஊற்றுகிறவர் தன்னையே தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றியதை அன்றுதான் பார்த்தேன். கையை நீட்டமட்டும் நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, செம்பு என் கையில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். நான் குடித்து முடிக்கிறவரை அவர் மூச்சு விடவில்லை.